மூன்றாவது எலுமிச்சம்பழம்

எங்கள் குடும்பத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் எந்த வண்டியும் ஓடியதில்லை. பெரியப்பாவின் லாரி, அப்பாவின் மோட்டார் சைக்கிள், என்னுடைய சின்ன சைக்கிள் எல்லாமே ஆயுத பூஜையன்று வாசலில் வரிசையாக நிற்கும். சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. பிறகு ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் ஒரு பழம். வண்டி அதன் மேல் ஏறி இறங்கிவிட்டால் அந்த ஆண்டு வரவேண்டிய கெட்டது பழத்தோடு போய்விட்டது என்று அர்த்தம். நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது அந்த வரிசையில் ஒரு விமானமும் சேர்ந்தது.

விமானம் எங்களுடையது அல்ல. ஈப்போ விமான நிலையத்தின் ஓரத்தில், பயணிகள் வந்து போகும் கட்டடத்திலிருந்து தள்ளி, ஒரு பறக்கும் கிளப் இருந்தது. அதன் தகரக் கொட்டகையில் நின்ற சிறு விமானங்களில் ஒன்று அது. நான்கு பேர் உட்காரலாம். மூக்கில் ஒரே எஞ்சின், அதன் முன்னால் இரண்டு இதழ் கொண்ட புரொப்பெல்லர், கூரைக்கு மேல் இறக்கை, அடியில் மூன்று சக்கரங்கள். அப்பாவின் தங்கை, என் அத்தை, உபகாரச் சம்பளத்தில் விமானம் ஓட்டப் படித்து முடித்து, அந்தக் கிளப்பிலேயே புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். சுங்கை சிப்புட்டில் எங்கள் தெருவில் அத்தையின் வேலையைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு, விமானத்தில் சாப்பாடு கொடுக்கிற வேலையா என்று கேட்பார்கள். அத்தை திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டார்.

பெரியப்பா அத்தையைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். தாத்தா இறந்தபோது அத்தை பாலர் பள்ளியில் இருந்ததால் அவருக்கு அண்ணனும் அப்பாவும் பெரியப்பாதான். தோட்டத்தில் ரப்பர் பால் ஏற்றும் லாரி ஓட்டியவர். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டபோது லாரியின் முதுகிலிருந்த பால் தொட்டியைக் கழற்றிவிட்டுக் கூண்டு வைத்தார்கள். பெரியப்பா செம்பனைக் குலை ஏற்றத் தொடங்கினார். எஞ்சின் மட்டும் அதேதான். மற்றவர்களின் லாரிகள் பூஜையன்று சாவி திருப்பியதும் இருமும், அடங்கும், கரும்புகை விடும். பெரியப்பாவின் லாரி பூஜையில் ஒருமுறைகூட இருமியதில்லை. சாவி திருப்புவார், கிளம்பும். இறங்கி வந்து பேசாமல் வேட்டியைச் சரி செய்துகொள்வார். அந்தத் தெருவில் அதற்கு ஒரு மரியாதை இருந்தது.

அந்த ஆண்டு பூஜைக்கு முந்தைய வாரம் அத்தைக்குச் சரவாக்கிலிருந்து தொலைபேசி வந்தது. மிரியில் ஒரு சின்ன நிறுவனம். சாலை இல்லாத மலைக் கிராமங்களுக்கு ஆட்களையும் அரிசியையும் மருந்தையும் ஏற்றிச் செல்லும் வேலை. வருகிறாயா என்று கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அத்தை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, பெரியப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சரி என்றால் போவது, இல்லை என்றால் இருப்பது. இருபத்தாறு வயதில், தனியாக விமானத்தைத் தரையிறக்கத் தெரிந்த ஒருவர் ஏன் அப்படிக் காத்திருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அத்தையும் கேட்டதாகத் தெரியவில்லை.

பெரியப்பா ஒரு வாரம் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கேள்விகள் மட்டும் கேட்டார்.

"லாரி கெட்டுப்போச்சுன்னா ஓரமா நிறுத்திட்டு எறங்கிப் பாப்பேன். நீ எங்க நிறுத்துவ?"

"நாங்களும் எறங்குற எடத்தப் பாத்துகிட்டேதான் போவோம், பெரியண்ணே."

"அங்க பூரா காடுலா."

"காட்டுலயும் ஆத்துமணல் இருக்கு, திடல் இருக்கு."

"ஆத்துல எறங்குவாளாம், கேட்டுக்குங்க" என்றார் பெரியம்மா, கீரை ஆய்ந்துகொண்டே. கடல் தாண்டி ஒரு பெண்ணைத் தனியாக அனுப்புவதில் பெரியம்மாவுக்கு உடன்பாடில்லை. அதை அவர் ஒளித்ததும் இல்லை. நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் ஊர் கேட்கப்போவது பெரியப்பாவைத்தான் என்பது அவருடைய வாதம்.

பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம், சாப்பாட்டுத் தட்டில் கை காய்ந்துகொண்டிருக்க, அவர் தீர்ப்பைச் சொன்னார். அத்தை ஏற்கெனவே எங்களை எல்லாம் கிளப்பில் நடக்கும் பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார். அங்கே வேலை செய்த இரண்டு தமிழர்கள் தங்கள் ஸ்பேனர்களுக்காக ஆரம்பித்த பூஜை அது. அந்த ஆண்டு விமானத்துக்கும் செய்ய அனுமதி கிடைத்திருந்தது.

"நாளைக்கு அது ஒரே அடியில ஸ்டார்ட் ஆச்சுன்னா இவ போவட்டும். ஆவலன்னா இங்கயே இருக்கட்டும். நான் சொல்லல. அம்மன் சொல்லட்டும்."

அப்பா என்னவோ சொல்ல வந்து தண்ணீர் குடித்தார். அத்தை சிரித்தார்.

"அது எஞ்சின், பெரியண்ணே. அதுக்கு அம்மனையும் தெரியாது, மிரியையும் தெரியாது."

"ஒனக்குத் தெரியும்ல? நல்லா ஸ்டார்ட் பண்ணு."

அத்தை ஒத்துக்கொண்டார். அந்த விமானம் காலையில் முதல் தடவை சாவி திருப்பும்போது அவரை ஏமாற்றியதே இல்லை. பெரியம்மாவும் ஒத்துக்கொண்டார். அவருக்கு அம்மன் மேல் நம்பிக்கை இருந்தது. ஆக, இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்.

மறுநாள் காலை பெரியப்பா வாழைக்கன்று, மாலை, பழம் எல்லாம் ஏற்றிக்கொண்டு வாடகை வேனில் எல்லோருக்கும் முன்னால் கிளம்பினார். அப்பா இரவல் வாங்கியிருந்த காரில் நெருக்கி உட்கார்ந்தால் எனக்கு வாந்தி வரும் என்பதால் என்னையும் ஏற்றிக்கொண்டார். ஈப்போ பாசாரில் இறங்கி எலுமிச்சம்பழம் வாங்கினார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, அழுத்திப் பார்த்து, பழுத்துத் தோல் மெலிந்ததாக மூன்று பொறுக்கினார். கடைக்காரர் ஊறுகாய்க்கா என்று கேட்டதற்கு, "பிளேனுக்கு" என்றார். கடைக்காரர் காசை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

கொட்டகையில் லியோங் அங்கிள் மட்டும் இருந்தார். அவர்தான் அங்கே தலைமை மெக்கானிக், ஈப்போச் சீனர். விமானம் வெளியே தள்ளி நிறுத்தப்பட்டு, காலை வெயிலில் வெள்ளையாக நின்றது. பெரியப்பா வாழைக்கன்றை இறக்கி வைத்துவிட்டு அவரைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார். இருவரும் மலாயில் பேசினார்கள். எனக்குக் கேட்கவில்லை. லியோங் அங்கிள் தலையை ஆட்டி மறுத்தார். பெரியப்பா திரும்ப ஏதோ சொன்னார். சொல்லும்போது அவருடைய இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் முன்னால் இருந்தன. லியோங் அங்கிள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார், பிறகு தோளைக் குலுக்கிவிட்டுப் போய் அதில் ஏறினார்.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். புரொப்பெல்லர் இரண்டு சுற்றுச் சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு இருமலும் இல்லை. பெரியப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு லியோங் அங்கிள் நிறுத்திவிட்டு இறங்கினார். அடுத்த விமானத்துக்கு எண்ணெய் ஊற்ற அவர் போய்விட்டார்.

பெரியப்பா மட்டும் விமானத்தின் அருகே போனார். எஞ்சினை மூடியிருந்த தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் பார்ப்பது மாதிரி வைத்தபடியே நின்று, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். திரும்பியபோது நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார்.

"அத்தகிட்ட சொல்லிறாத, ஆ. சொன்னா பூஜ பலிக்காது."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அத்தை மிரிக்குப் போவது பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. எஞ்சின் கிளம்பக்கூடாது. அதற்காக அவர் காலையிலேயே வந்து அதை என்னவோ செய்துவிட்டார். முணுமுணுத்தது மந்திரம். ஒன்பது, பத்து வயதில் ஒரு வழக்கை விசாரித்து முடிக்க இவ்வளவு சாட்சியம் போதும்.

அத்தையும் வீட்டில் மற்றவர்களும், பூஜையை ஆரம்பித்த அந்த இரண்டு தமிழர்களும் வந்து சேர்ந்தார்கள். நல்ல நேரம் பிறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அதற்குள் கிளப்பின் நிபந்தனைகளோடு பூஜையைப் பொருத்த வேண்டியிருந்தது. விமானத்தின் இறக்கையில் பெட்ரோல் இருப்பதால் கற்பூரத்தை வேலியோரம் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். தேங்காயைத் தளத்தில் உடைக்கக் கூடாது. ஒரு சில்லு கிடந்தாலும் புரொப்பெல்லர் உறிஞ்சி இழுத்து அடிபடும். ஆகவே தேங்காயும் வேலிக்கு வெளியே. மாலையைப் புரொப்பெல்லரில் போடலாம், ஆனால் ஓட்டுவதற்கு முன் கழற்றிவிட வேண்டும், ஒரு பூவிதழ்கூட விடாமல். பெரியம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "பூஜய இங்க வெச்சிட்டு சாமிய வேலிக்கு வெளிய நிறுத்தச் சொல்றாங்க" என்றார்.

விமானத்தின் பக்கவாட்டில், மூக்குக்குச் சற்றுப் பின்னால், ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருந்தது. பெரியம்மா அதைப் பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் என்று எடுத்துக்கொண்டு, சரியாக அதன் மேல் சந்தனத்தை அப்பினார். அத்தையின் முகம் மாறியது. ஓடிவந்து ஈரத்துணியால் துடைத்து, துளை அடைபடவில்லையே என்று குனிந்து பார்த்தார். அந்தத் துளை வழியாக வரும் காற்றை வைத்துத்தான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று விமானம் கண்டுபிடிக்குமாம்.

"அப்ப எங்கதான் வெக்கிறது?"

"கதவுல வைங்க, அண்ணி. கதவுல எவ்வளவு வேணாலும் வைங்க."

பெரியம்மா கதவில் வைத்தார். மிச்சமிருந்த கோபத்தையும் சேர்த்து, கொஞ்சம் பெரிதாகவே வைத்தார்.

எலுமிச்சம்பழங்களை வைக்கும் வேலையை லியோங் அங்கிள் வேறு யாருக்கும் தரவில்லை. சாவியை அத்தையிடமிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, பின் சக்கரங்களுக்கு இரண்டும் மூக்குச் சக்கரத்துக்கு ஒன்றுமாக வைத்துவிட்டு வந்துதான் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். தளத்தில் மஞ்சள் கோடு ஒன்று இருந்தது. நாங்கள் எல்லோரும் அதற்குப் பின்னால் நிறுத்தப்பட்டோம். புரொப்பெல்லர் சுற்றும்போது அது கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால் ஆட்கள் அதற்குள் நடந்து போயிருக்கிறார்கள் என்று அத்தை ஒரே ஒருமுறை சொன்னார். வெயில் ஏறியிருந்தது. தூரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள் புகை மாதிரி தெரிந்தன.

அத்தை ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். எனக்கு அந்த உள்பகுதி தெரியும். முன்பு ஒருமுறை மடியில் உட்காரவைத்துக் காட்டியிருக்கிறார். கறுப்புக் குமிழ் ஒன்று, சிவப்புக் குமிழ் ஒன்று. கறுப்பு எஞ்சினுக்குப் போகிற காற்றுக்கு, சிவப்பு பெட்ரோலுக்கு. காலையில் குளிர்ந்து கிடக்கும் எஞ்சினுக்கு முதலில் பம்ப்பைப் போட்டுக் கொஞ்சம் பெட்ரோல் ஊட்ட வேண்டும், அப்புறம் சாவி. குழந்தைக்குப் பால் கொடுத்து எழுப்புவது மாதிரி என்று அன்றைக்குச் சொன்னார்.

ஜன்னலைத் திறந்து, எப்போதும் ஆங்கிலத்தில் கத்துவதைக் கத்திவிட்டு, எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார்: "காத்தாடி சுத்தப்போவுது. யாரும் கோட்டத் தாண்டாதீங்க."

புரொப்பெல்லர் சுற்றியது. எஞ்சின் ஒருமுறை பிடித்தது, உடம்பை உலுக்கிக்கொண்டது, அடங்கிவிட்டது.

பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தை உள்ளே குனிந்து எதையோ செய்தார். மறுபடி சுற்றியது. இந்தத் தடவை பிடிக்கக்கூட இல்லை. புரொப்பெல்லர் சும்மா சுற்றி, கடைசியில் ஒரு இதழ் மேலே பார்த்தபடி நின்றது. பெட்ரோல் வாடை எங்கள்வரை வந்தது. எஞ்சினுக்கு அடியில் தரையில் சொட்டுச் சொட்டாக ஈரம்.

"அம்மன் சொல்லிட்டா" என்றார் பெரியம்மா. அதில் சந்தோஷம் எதுவும் இல்லை.

"இரு லா, கொஞ்சம் பொறு" என்றார் அப்பா.

லியோங் அங்கிள் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா குன்றுகளைப் பார்த்தார். அவருடைய நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி விபூதியை இரண்டாகப் பிரித்திருந்தது. மாட்டிக்கொள்வோம் என்ற பயம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பூஜை பலிக்காமல் போனால் போகட்டும், அத்தையிடம் சொல்லிவிட வேண்டும். நான் கோட்டைத் தாண்டி ஓடினேன். நேராக, குறுக்கு வழியில், விமானத்தின் மூக்கைப் பார்த்து.

ஐந்தாறு எட்டுதான் போயிருப்பேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்துத் தூக்கியது. பெரியப்பா என்னைக் கோட்டுக்குப் பின்னால் கொண்டுவந்து தன் காலோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். திட்டவில்லை. தோள் வலித்தது. உண்மையைச் சொல்ல விடாமல் தடுக்கிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

அத்தை ஜன்னல் வழியாக இதைப் பார்த்தார். சாவியிலிருந்து எடுத்துவிட்ட கையை வெளியே நீட்டி, அங்கேயே நில் என்று எனக்குக் காட்டினார். பிறகு முன்னாலிருந்த மீட்டர் முட்களில் ஏதோ ஒன்றை உற்றுப் பார்த்தார். தலையை நிமிர்த்திப் பெரியப்பாவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது. கண்டுபிடித்துவிட்டார் என்று என் மனம் துள்ளியது. பெரியப்பா அந்தப் பார்வையைத் தாங்காமல் கீழே பார்த்தார்.

அத்தை மறுபடியும் கத்தினார். இந்தத் தடவை தமிழில் மட்டும். மூன்றாவது முறையாகப் புரொப்பெல்லர் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எஞ்சின் பிடிக்கவில்லை, அத்தையும் விடவில்லை. பாட்டரி சோர்ந்து, சுற்று மெதுவாகிக்கொண்டே வந்தது. ஒரு இருமல். வெள்ளைப் புகை. இன்னொரு இருமல். சட்டென்று எஞ்சின் முழுக் குரலில் அலறியது. அடுத்த நொடி அத்தை அதை அடக்க, ஒரே சீராக ஓட ஆரம்பித்தது.

விமானம் நகர்ந்தது. பின் சக்கரங்கள் இரண்டும் பழங்களின் மேல் ஏறின, இரண்டும் நசுங்கின. அது எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பியபோது புரொப்பெல்லர் தள்ளிய காற்று மொத்தமாக எங்கள் மேல் வந்து விழுந்தது. பூ, குங்குமம், மணல் எல்லாம் பறந்தன. பெரியம்மாவும் அம்மாவும் சேலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் விரல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூக்குச் சக்கரத்தின் பழம் நசுங்கவில்லை. சக்கரம் அதை ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தது. புல்லை ஒட்டி, முழுதாக, மஞ்சளாக அது கிடந்தது.

எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் பெரியப்பா காற்றை எதிர்த்து நடந்தார். வேட்டி காலில் சுற்றிக்கொண்டது. பழத்தின் பக்கத்தில் நின்றார். பிறகு சிலிப்பர் காலைத் தூக்கி அதை மிதித்தார். ஒருமுறை மிதித்துவிட்டு, குதிகாலால் அழுத்தித் திருப்பினார்.

காற்று அடங்கியதும் பெரியம்மா விசாரணையைத் தொடங்கினார்.

"மூணாவது தடவதானே ஸ்டார்ட் ஆச்சு?"

"ஒரே அடின்னு நான் சொன்னது வண்டி நகர்றத."

"அப்பிடியா சொன்னீங்க?"

"அப்பிடித்தான் சொன்னேன்" என்றார் பெரியப்பா. அப்பாவைப் பார்த்தார்.

"அப்பிடித்தான் சொன்னாரு" என்றார் அப்பா.

பெரியம்மா விடவில்லை. பழங்களைத் தானே போய்ப் பார்த்தார். ஒன்று, இரண்டு, புல்லோரம் மூன்று. மூன்றும் நசுங்கியிருந்தன. அதற்கு மேல் அம்மனோடு வழக்காட அவருக்கு விருப்பமில்லை. "அப்ப அங்க குளிருமா? மலைங்கிறாளே, கம்பளி வேணும்ல" என்றார்.

அத்தை ஒரு வட்டம் பறந்துவிட்டு இறங்கினார். அடுத்த மாதமே மிரிக்குப் போனார். அன்று காலையில் பார்த்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் ஜெயித்துவிட்டதால் சொல்ல அவசியம் இருப்பதாகப் படவில்லை. பெரியப்பாவின் லாரியில் மட்டும் அதற்குப் பிறகு நான் ஏறவில்லை. பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பார். நான் நடந்தே வருகிறேன் என்பேன். அவர் ஏன் என்று கேட்டதில்லை. கொஞ்ச நாளில் ஹாரன் அடிப்பதும் நின்றது.

பல வருடம் கழித்து, பெரியப்பா காலமான பிறகு, வேலை விஷயமாக மிரிக்குப் போயிருந்தேன். விமானத் திடலின் வேலியோரக் கடையில் அத்தையோடு உட்கார்ந்து தேநீர் குடித்தபோது அந்தக் காலையைச் சொன்னேன். தகட்டில் கை வைத்தது, முணுமுணுத்தது, சொல்லாதே என்றது எல்லாம். அத்தை கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஒங்க பெரியப்பா டீசல் மனுசன்லா. பூஜையன்னைக்கு விடியிறதுக்கு முன்னாடியே எழுந்து, யாருக்கும் தெரியாம லாரிய ஓட்டி சூடு பண்ணி வெச்சிருவாரு. அப்புறம் எல்லாரும் பாக்க சாவி திருப்பினா ஒரே அடி. தோட்டத்துல பாதி பேரு அதத்தான் செஞ்சாங்க. ஒருத்தனும் வெளிய சொல்ல மாட்டான்."

லியோங் அங்கிள் அன்றைக்குச் சாயங்காலமே அத்தையிடம் சொல்லிவிட்டாராம். தங்கச்சி ஏறும்போது வண்டி இருமக் கூடாது, கொஞ்சம் சூடு பண்ணிக் கொடு என்று பெரியப்பா கேட்டிருக்கிறார். இது லாரி மாதிரி இல்லை என்று அவர் மறுத்திருக்கிறார். பெரியப்பா விடவில்லை. பூஜை முடிய மதியம் ஆகும், அதற்குள் ஆறிவிடும் என்று நினைத்து லியோங் அங்கிள் ஓட்டிக் காட்டியிருக்கிறார்.

விமான எஞ்சினுக்கு அதுதான் ஆகாது. ஓடி நின்ற சூட்டோடு வெயிலில் அரை மணி, ஒரு மணி நேரம் நின்றால் மூடிக்குள் சூடு தங்கிவிடும். குழாயிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகும். அந்த எஞ்சினைக் கிளப்புகிற முறையே வேறு. ஆறிக் கிடக்கிறது என்று நினைத்து அத்தை வழக்கம்போல் பெட்ரோல் ஊட்டியிருக்கிறார். எஞ்சின் பெட்ரோலில் மூழ்கிப்போனது.

"ஏறுறதுக்கு முன்னாடி எஞ்சின் எண்ணெய் பாக்குற குச்சியத் தொட்டப்பவே சூடாத்தான் இருந்துச்சு. வெயில்னு நெனச்சிட்டேன். ரெண்டு தடவ ஆவாமப் போனப்புறம்தான் சூடு காட்டுற முள்ளப் பாத்தேன். எழுந்து நிக்குது. யாரோ ஓட்டிருக்காங்க. நிமிந்து பாத்தா, ஒங்க பெரியப்பா மூஞ்சி. அப்புறம் என்னா, செவப்ப இழுத்து பெட்ரோல அடச்சிட்டு, கறுப்ப முழுசா தள்ளி காத்த மட்டும் விட்டுச் சுத்துனேன்."

"அன்னைக்கே ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? போகச் சொல்லவும் அவருக்குப் பயம். போகாதன்னு சொல்லவும் மனசு வரல. அம்மன் வாயால சொல்ல வெக்கலாம்னு பாத்தாரு. அம்மனுக்கு அவரு காலையிலேயே சொல்லிக் குடுத்துட்டாருன்னு அண்ணிக்குத் தெரிஞ்சா என்னா ஆவுறது?"

மூன்றாவது பழத்தைப் பற்றிக் கேட்டேன். எந்தப் பழம் என்றார். ஓட்டுகிறவரின் இருக்கையிலிருந்து மூக்குச் சக்கரம் தெரியாது. மூன்றும் நசுங்கிவிட்டதாகப் பெரியம்மா சொன்னதைத்தான் அவர் இத்தனை வருடமும் நம்பியிருந்தார்.

அன்று மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்ற எனக்கு அது தெளிவாகவே தெரிந்தது. திட்டம் பலிக்காமல் போன ஆத்திரத்தில் பெரியப்பா கடைசிப் பழத்தை மிதிக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மிதித்து முடித்ததும் அவர் சிலிப்பரின் அடியைப் புல்லில் தேய்த்துத் துடைத்தார். பழம் கிடந்த இடத்தை ஒருமுறை குனிந்து சரிபார்த்தார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓடுபாதையை நோக்கிப் போகும் விமானத்தின் சத்தத்துக்குத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, எங்களை நோக்கி நடந்து வந்தார். தோற்றுப்போன ஒருவர் ஏன் இவ்வளவு நிதானமாக நடக்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.